ஒன்பது ஐம்பத்திரண்டு

வெள்ளிக்கிழமை இரவென்றால்
எங்கள் வீட்டில் ஒரு கொலை.
முத்தையன்கட்டு இடதுகரை, வாய்க்காலோர வீடு.
கொழும்புச் சனல் கொல்லும்,
நாங்கள் கச்சான் உடைத்தபடி பார்ப்போம்.

துப்பறிகிறவர்கள் புருசனும் பெண்சாதியும்.
அவர் மணிக்கூடு திருத்துகிறவர், அவ பல் டொக்ரர்.
பிரேதம் எங்கே கிடந்தாலும்
பொலிசுக்கு முன்னம் போய் நிற்பார்கள்,
மழைக்கோட்டும் சிரிப்புமாய்.
வாய் மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டிருக்கும்:
"கண்ணே, கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்."

"கண்ணேயாம்" என்றார் இவர்.
பதினேழு வருசமாய் என்னை
"இஞ்சேர்" என்றே கூப்பிடுகிறவர்.
இஞ்சேருக்குள் எத்தனை சாமான் இருக்கென்று
குரல் கொடுத்த பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்.

ஏழு பேர். ஏழு தேத்தண்ணிக் கோப்பை.
ஒன்றின் அடியில் மட்டும் சீனி கரையாமல்.
பல் டொக்ரர் எழும்பினா,
கையுறையைக் கழற்றினா,
விரலை நீட்டி
"கொன்றது"

ஒன்பது ஐம்பத்திரண்டு.
கரண்ட் போயிற்று.

கம்பியில் மயில் குந்தியிருக்கும்,
இல்லையென்றால் யானை பனையைச் சாய்த்திருக்கும்.
மின்சார சபைக்கு எப்போதும்
ஏதாவதொரு மிருகம் கைகொடுக்கும்.

"தோட்டக்காரன்தான்" என்றது இருட்டு.
"மண்வெட்டியைத் துடைச்சு வைச்சிருந்தவன்.
எந்தத் தோட்டக்காரன் மண்வெட்டி துடைக்கிறான்?"
எங்கள் மண்வெட்டியில் போன மாரிச் சேறு.
அதனால் அந்தச் சாட்சியை நான் மறுக்கவில்லை.
"தாதிதான்" என்றேன்.
"கலக்காத சீனி குடிக்காதவளின்ரை.
குடிக்கிறமாதிரி நடிச்சவள்.
கோப்பையைப் பாத்தால் ஆளைத் தெரியும்.
சேர்ட்டுப் பொக்கற்றைப் பாத்தாலும்."

கச்சான் உடைகிற சத்தம் நின்றது.

செவ்வாய்க்கிழமை. கொடியில் நீலச் சேர்ட்டு.
எறும்பு ஒரு வரிசையாய்ப் பொக்கற்றுக்குள் போய்
இன்னொரு வரிசையாய்த் திரும்பியது.
கிளினிக் கொப்பியில் சீனி இருநூற்றுப் பதினாறு,
சிவப்புப் பேனையால் சுற்றி.
ஒட்டுசுட்டானுக்கு உரம் எடுக்கப் போன மனுசன்
உரக்கடையில் நின்றது கால் மணித்தியாலம்,
கடைக்காரன்ரை மனுசியிடம் விசாரித்தாயிற்று.
மிச்ச நேரத்துக்கு ஆர் சாட்சி?

"லட்டு" என்றேன். "ரெண்டு.
ஒண்டு கடையிலை. மற்றது பொக்கற்றிலை."

வாய்க்கால் தவளை மட்டும் கதைத்தது.
பிறகு மெல்ல,
"கோயில் பிரசாதம்."
"செவ்வாய்க்கிழமை காலமை பதினொரு மணிக்கு
எந்தக் கோயிலிலை?"

"சரி, அப்ப நீர் சொல்லும்" என்று நிமிர்ந்தார்,
இருட்டிலும் தெரிந்தது நிமிர்ந்தது.
"அரிசிப் பீப்பாய்க்குள்ளை கை விட்டால்
முழங்கை மட்டும் போகோணும்.
எனக்கு மணிக்கட்டோடை தட்டுப்பட்டுது ஒரு டின்.
அதென்ன டின்?"

எனக்கும் ஒரு நிமிசம் தொண்டை வரண்டது.
ஆனால் பல் டொக்ரர் என்ன செய்வா?
கையுறை இல்லாதபடியால்
கச்சான் கோதைத் தட்டிவிட்டுக் கேட்டேன்:
"சோறு ஆக்காத மனுசன்
அரிசிக்குள்ளை ஏன் கை விட்டது?"

மூன்றாவது லட்டு
காலையில் அகப்பட்டது,
ஒரு சுண்டு அரிசிக்குக் கீழே,
கடதாசியில் சுற்றி, கெட்டியாய், குற்றவாளியாய்.

கரண்ட் வந்தபோது
ஒரு பெண் வெள்ளைச் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தாள்.
சவர்க்கார விளம்பரம். படம் முடிந்து எவ்வளவு நேரமோ.
போன் அடித்தது. வவுனியாவிலிருந்து மச்சாள்,
அங்கே கரண்ட் போகவேயில்லை.
"அண்ணி, பாத்தனீங்களே, கடைசியிலை அந்த..."
"சொல்லாதை!"
இரண்டு பேரும் ஒரே குரலில்.
அந்தக் கிழமையில் நாங்கள்
ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

படுத்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பினபடி,
"தோட்டக்காரன்தான்."
"தாதி."
விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
"இஞ்சேர்,
அந்த டின்னுக்குள்ளை என்ன?"

வாற வெள்ளி சொல்லுறன் என்றேன்,
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு.